பிஎஸ்3-க்கு இனி பார்ட்ஸ் வராது: எதை மாற்றலாம், எது போனால் முடிந்தது?

கேள்வி இதுதான்: “பிஎஸ்3-ஐ (சோனியின் பிளேஸ்டேஷன் 3 கேம் மெஷின்) அதன் கம்பெனியே கைவிட்டுவிட்டது, இனி பார்ட்ஸ் வராது என்கிறார்கள். என்னுடையது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எத்தனை நாளைக்கு ஓடும்? இன்னொன்றை இப்போதே வாங்கி வைக்கலாமா?” எத்தனை நாள் என்று எவராலும் சொல்ல முடியாது. எந்தப் பாகம் போனால் மாற்றிக்கொள்ளலாம், எது போனால் அதோடு முடிந்தது என்பதுதான் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குத் தெளிவாகவே பதில் சொல்லலாம்.

முதலில், எதெல்லாம் நின்றது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உற்பத்தி, பழுதுபார்ப்பு, நெட்வொர்க் மூன்றும் தனித்தனி. 2006 நவம்பரில் வந்த பிஎஸ்3-இன் உற்பத்தி ஜப்பானில் 2017-இல் நின்றது. கடைசி வகையான 4300 வரிசைக்கும் ஜப்பானில் பழுதுபார்ப்புச் சேவை 2021 ஏப்ரலோடு முடிந்தது. பிஎஸ்2-க்கும் இதே வழிதான்: உற்பத்தி நின்று ஐந்தாறு வருடம் கழித்து, 2018 ஆகஸ்டோடு சர்வீஸை மூடினார்கள். நெட்வொர்க்கின் கதை வேறு. கேம்களை இணையம் வழியாக விற்கும் பிஎஸ்3 ஸ்டோரை 2021 ஜூலையில் மூடப்போவதாக மார்ச்சில் அறிவித்தார்கள்; எதிர்ப்பு கிளம்பவே ஏப்ரல் 19 அன்று அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள். ஆக, கம்பெனி பழுது பார்க்காது. ஆனால் ஸ்டோரை மூடும் முடிவைக் கைவிட்டிருக்கிறார்கள். அது எந்த நாளும் மாறலாம் என்று வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் புத்திசாலித்தனம்.

பழுதுபார்ப்பு நின்றதில் நாம் இழந்தது பார்ட்ஸை மட்டும் என்று நினைத்தால் பாதிதான் சரி. லென்ஸ், ஃபேன், பவர் சப்ளை எல்லாம் பழைய செட்களிலிருந்து கழற்றியதாகவோ வேறு தயாரிப்பாளர்களுடையதாகவோ இன்னும் கிடைக்கின்றன. கிடைக்காமல் போனது, பாகங்களை ஒன்றோடொன்று ஜோடி சேர்க்கும் வேலை. பிஎஸ்3-இன் மெயின் போர்டும் ப்ளூ-ரே டிரைவின் கன்ட்ரோல் போர்டும் தொழிற்சாலையிலேயே ரகசியக் குறியீட்டால் இணைக்கப்பட்டவை. வேறு செட்டின் டிரைவை அதன் போர்டோடு கொண்டுவந்து மாட்டினால் டிஸ்க் உள்ளே போகும், வெளியே வரும். கேம் மட்டும் ஓடாது. அந்த ஜோடியைப் புதிதாகச் சேர்க்கும் கருவி சர்வீஸ் சென்டர்களில் இருந்தது. இப்போது அதைச் செய்ய மெஷினின் மென்பொருளை மாற்றியாக வேண்டும். எல்லா மாடலிலும் அதற்கு இடமில்லை. எனவே எந்தக் கடையில் கொடுத்தாலும் ஒரே நிபந்தனை போடுங்கள்: “டிரைவோட போர்டை மாத்தாதீங்க, லென்ஸை மட்டும் மாத்துங்க.” டிரைவை அப்படியே மாற்றிவிட்டுப் பழையதைக் குப்பையில் போட்ட கடையால் கெட்டுப்போன நல்ல செட்கள் நிறைய.

இதே பூட்டு ஹார்ட் டிஸ்க்கிலும் உண்டு. இது பலருக்கும் தெரியாததால் இழப்பும் இங்கேதான் அதிகம். உள்ளே இருக்கும் டிஸ்க் முழுவதும் அந்த மெஷினுக்கே உரிய சாவியால் என்க்ரிப்ட் செய்யப்பட்டது. மெயின் போர்டு செத்தால், டிஸ்க் நல்ல நிலையில் இருந்தாலும் அதை இன்னொரு பிஎஸ்3-இல் போட்டுப் படிக்க முடியாது. ஃபார்மேட் செய்யச் சொல்லித்தான் கேட்கும். கம்ப்யூட்டரில் மாட்டினாலும் சாதாரண வழியில் எதுவும் தெரியாது. அதனால் மெஷின் உயிரோடு இருக்கும்போதே சேவ்களை (ஆட்டத்தில் நீங்கள் எட்டிய இடத்தின் பதிவுகளை) வெளியே எடுத்துவிடுங்கள். ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்த பென் டிரைவைச் செருகி, கேம் மெனுவில் சேவ் டேட்டா பகுதிக்குப் போய், ஒவ்வொன்றிலும் முக்கோண பட்டனை அழுத்தி காப்பி கொடுத்தால் போதும். சில கேம்களின் சேவ் காப்பி ஆகாது, தடை போட்டிருப்பார்கள். செட்டிங்ஸில் உள்ள பேக்கப் வசதி அவற்றையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். ஆனால் தடை போட்ட சேவ்கள் அதே மெஷினில் மட்டுமே திரும்ப ஏறும். ஆகவே பேக்கப் உங்களை டிஸ்க் பழுதிலிருந்து காப்பாற்றும், போர்டு பழுதிலிருந்து முழுமையாகக் காப்பாற்றாது. இன்னொரு விஷயம், பேக்கப்பைத் திரும்ப ஏற்றும்போது மெஷினில் அந்த நேரம் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். டிராபிகளை (கேமில் வென்ற பதக்கங்களை) முன்கூட்டியே பிஎஸ்என் என்ற சோனியின் ஆன்லைன் நெட்வொர்க்குடன் சிங்க் செய்துவிடுங்கள்.

தடை போட்ட சேவ்களையும் வேறு மெஷினுக்குக் கொண்டுபோக டேட்டா டிரான்ஸ்ஃபர் யுட்டிலிட்டி என்ற வழி இருக்கிறது: இரண்டு பிஎஸ்3-களையும் ஈதர்நெட் கேபிளால் இணைத்துப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றுவது. இதற்கு இரண்டு மெஷினும் வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும். இன்னொன்றை வாங்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு நான் ஆம் என்று சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான். ஒன்று செத்த பிறகு இரண்டாவதை வாங்குவதில் பாதிப் பயன்தான்.

ஹார்ட் டிஸ்க் மாற்றுவது சுலபம், வயதான டிஸ்க்கை இப்போதே மாற்றிவிடுங்கள். 2.5 அங்குல சாட்டா டிஸ்க், 9.5 மில்லிமீட்டர் தடிமனுக்கு மிகாமல். 1 டிபி வரை பிரச்சினை இல்லாமல் எடுத்துக்கொள்ளும். எஸ்எஸ்டி போட்டாலும் ஓடும். மெஷினின் சாட்டா வேகம் விநாடிக்கு 1.5 ஜிகாபிட்தான் என்பதால் கணினியில் பார்க்கும் அளவுக்குப் பாய்ச்சல் இருக்காது. லோடிங் ஓரளவு குறையும், சூடும் சத்தமும் குறையும். மூடியை எடுத்தால் தெரியும் நீல நிற ஸ்குரூ ஒன்றுதான் டிஸ்க் கூட்டைப் பிடித்திருக்கும். கூட்டிலிருந்து டிஸ்க்கைக் கழற்ற நான்கு ஸ்குரூ. கடைசியாக வந்த சிறிய வடிவமான சூப்பர் ஸ்லிம்மின் 12 ஜிபி மாடலில் கூடு இருக்காது, தனியே வாங்க வேண்டும். புது டிஸ்க் போடுவதற்கு முன் பென் டிரைவில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் பிஎஸ்3 என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் அப்டேட் என்று இன்னொரு ஃபோல்டர், அதற்குள் சோனி தளத்திலிருந்து இறக்கிய கோப்பு, பெயர் மாற்றாமல். இறக்கும் கோப்பு மெஷினில் ஏற்கெனவே இருக்கும் பதிப்பாகவோ அதற்குப் புதியதாகவோ இருக்க வேண்டும், பழையதை ஏற்காது. கன்ட்ரோலரைக் கேபிளில் இணைத்து, திரை கேட்கும்போது ஸ்டார்ட், செலக்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வேலை ஆரம்பிக்கும். அந்தக் கோப்பின் நகலை எங்கேயாவது பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் அது அதிகாரப்பூர்வமாகக் கிடைக்காமல் போனால், நல்ல மெஷினும் புது டிஸ்க்கும் கையில் இருந்தும் ஒன்றும் செய்ய முடியாது.

மெஷின் தடுமாறினால் உடனே ஃபார்மேட்டுக்குப் போகாதீர்கள். நிறுத்திய நிலையில் பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். ஒரு பீப், சில விநாடி கழித்து இன்னொரு பீப் கேட்டு, அணைந்துவிடும். கையை எடுத்து மறுபடி அழுத்திப் பிடியுங்கள். இந்த முறை கடைசியில் இரண்டு பீப் அடுத்தடுத்து வரும், அப்போது விடுங்கள். சேஃப் மோட் மெனு வரும். மூன்றாவது, கோப்பு அமைப்பைச் சரிசெய்வது. நான்காவது, டேட்டாபேஸைக் கட்டுவது. இந்த இரண்டையும் முதலில் முயலுங்கள், சேவ்கள் போகாது. ஐந்தாவது எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

டிஸ்க்கில் உள்ள கேம்கள் என்னிடம் இருக்கின்றன, ஸ்டோர் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். டிஸ்க்கில் இருப்பது வெளியான நாளின் பதிப்பு. அதன்பிறகு வந்த திருத்தங்கள் எல்லாம் சர்வரில்தான் உள்ளன. சர்வர் போனால் அந்தப் பிழைகளோடுதான் விளையாட வேண்டும். உங்களிடம் உள்ள ஒவ்வொரு டிஸ்க்கையும் ஒருமுறை போட்டு, பேட்ச்சை இறக்கி வைத்துவிடுங்கள். ஆன்லைன் ஆட்டம் தனிக் கணக்கு. அது மெஷினைப் பொறுத்ததல்ல, கேம் நிறுவனத்தைப் பொறுத்தது. டீமன்ஸ் சோல்ஸின் பிஎஸ்3 சர்வர்களை 2018 பிப்ரவரியிலேயே மூடிவிட்டார்கள், கேமைத் தனியாளாக இன்றும் ஆடலாம். ஸ்டோரில் வாங்கியவற்றை டவுன்லோட் லிஸ்டிலிருந்து இறக்கி, நிறுவி, ஒருமுறை திறந்தும் பார்த்துவிடுங்கள். அந்த கேம்கள் ஓட மெஷினை உங்கள் கணக்கில் ஆக்டிவேட் செய்திருக்க வேண்டும். ஒரு கணக்குக்கு இரண்டு பிஎஸ்3 வரை. இது இணையம் இருந்தால்தான் நடக்கும். டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் வைத்திருந்தால் வழக்கமான பாஸ்வேர்டு பிஎஸ்3-இல் வேலை செய்யாது; கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் சாதனத்துக்கான தனிப் பாஸ்வேர்டை எடுத்து அதைப் போட வேண்டும். பலர் கணக்கே போய்விட்டது என்று பயப்படுவது இதனால்தான். 2021 அக்டோபரிலிருந்து பிஎஸ்3 ஸ்டோரில் நேரடியாகக் கார்டு போட முடியாது; வேறு வழியில் வாலட்டில் பணம் ஏற்றிவிட்டு வாங்கலாம்.

உற்பத்தி நின்றும் சிஸ்டம் அப்டேட் மட்டும் வந்துகொண்டிருந்ததைப் பார்த்து ஏதோ புது வசதி என்று நினைக்க வேண்டாம். ப்ளூ-ரே படங்களைப் பூட்டும் சாவி குறிப்பிட்ட காலத்தில் காலாவதியாகும், அதைப் புதுப்பிக்கத்தான் அந்த அப்டேட்கள். கேம் டிஸ்க்குகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டிரைவ் பழுதாக இருக்கும்போது அப்டேட் கொடுத்தால் பாதியில் நின்றுபோக வாய்ப்புண்டு, டிரைவைச் சரிபார்த்த பிறகே அதைத் தொடுங்கள்.

உள்ளே கடிகாரத்துக்காக சிஆர்2032 பேட்டரி ஒன்று இருக்கிறது. பிளக்கை எடுத்துவிட்டு மறுபடி போடும்போதெல்லாம் தேதி கேட்டால் அது தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். டிஸ்க் கேம்களை இது பெரிதாகப் பாதிக்காது. டவுன்லோட் செய்த கேம்கள் நேரத்தை நம்ப முடியாவிட்டால் அடம்பிடிக்கும். பிஎஸ்என் இருக்கும்வரை அங்கிருந்து நேரத்தை வாங்கிச் சமாளிக்கலாம், அது இல்லாத நாளில் இந்தச் சின்னப் பேட்டரிதான் காரணமாக நிற்கும். 2010 மார்ச் 1 அன்று பழைய பெரிய மாடல்களின் கடிகாரம் அந்த வருடத்தை லீப் வருடமாகக் கணக்கிட்டு உலகம் முழுக்க மெஷின்கள் பிஎஸ்என்னில் நுழைய முடியாமல் நின்றது நினைவிருக்கும். பெரிய மாடலிலும் ஸ்லிம்மிலும் வயரும் கனெக்டரும் வைத்த பேட்டரி இருக்கும், அதே மாதிரி வாங்குங்கள். சாதாரண பேட்டரியின் மேல் நேராகச் சால்டர் வைக்காதீர்கள். சூட்டில் உப்பும், வெடிக்கவும் கூடும்.

லென்ஸுக்கு வருவோம். டிவிடி ஓடுகிறது, ப்ளூ-ரே கேம் மட்டும் தெரியவில்லை என்றால் டிரைவ் முழுதும் போகவில்லை, ப்ளூ-ரேவுக்கான நீல லேசர் மட்டும் மங்கியிருக்கிறது. முதலில் லென்ஸை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெல்லத் துடைத்து, அது நகரும் கம்பிகளில் காய்ந்த கிரீஸை எடுத்துவிட்டுப் புதிதாக லேசாகத் தடவிப் பாருங்கள். சரியாகாவிட்டால் லேசர் பகுதியை மாற்றலாம். ஆரம்பகால மாடல்களில் இரண்டு லென்ஸ் உள்ள கேஇஎஸ்-400, அடுத்து வந்தவற்றில் ஒற்றை லென்ஸ் 410, ஸ்லிம்மில் 450, சூப்பர் ஸ்லிம்மில் 850. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று பொருந்தாது, கழற்றிப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வாங்குங்கள். புதியது என்று விற்பதில் பாதி, பழையதைத் துடைத்துப் பாக்கெட்டில் போட்டதாக இருக்கும். திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள இடத்தில் வாங்குவதைத் தவிர இதற்குப் பரிகாரம் இல்லை.

இதுவரை சொன்னவை உறுதியானவை. மஞ்சள் விளக்கு விஷயத்தில்தான் நிபுணர்களுக்குள்ளேயே சண்டை. பச்சை எரிந்து, நொடிப்பொழுது மஞ்சள் மின்னி, மூன்று பீப்போடு சிவப்பு கண்சிமிட்டும் பழுது இது. ஒரு சாரார் பவர் லைனில் மின்சாரத்தைச் சீராக்கும் என்இசி டோக்கின் கெப்பாசிட்டர்கள் வலுவிழந்ததே காரணம் என்பார்கள். இன்னொரு சாரார் ஆர்எஸ்எக்ஸ் என்ற கிராபிக்ஸ் சிப்பின் உள்ளே, சிலிக்கன் துண்டுக்கும் அதன் அடித்தட்டுக்கும் நடுவே இருக்கும் நுண்ணிய பற்றவைப்புகள் விரிசல் விடுவதே காரணம் என்பார்கள். இரண்டுமே நடக்கிறது. எந்த மெஷினில் எது என்பதை யூகிக்கத் தேவையில்லை: போர்டில் மெஷினின் பவரைக் கண்காணிக்கும் சிஸ்கான் சிப்பின் சீரியல் புள்ளிகளில் சில கம்பிகளைச் சால்டர் செய்து, 3.3 வோல்ட் யுஎஸ்பி சீரியல் அடாப்டர் வழியாகப் பிழைப் பதிவைப் படிக்கலாம். 1002 என்று முடியும் குறி இருந்தால் ஆர்எஸ்எக்ஸுக்குப் போகும் மின்சாரத்தில் கோளாறு, கெப்பாசிட்டரைச் சந்தேகிக்கலாம். 3034 என்று முடிந்தால் சிப் பக்கம்தான். பதிவைப் படிக்காமலே “கெப்பாசிட்டர் மாத்தினா சரியாயிடும்” என்று சொல்பவர் யூகத்தில்தான் சொல்கிறார்.

கெப்பாசிட்டர்தான் என்றால் 470 மைக்ரோஃபாரட், 2.5 வோல்ட் பாலிமர் டான்டலம் வகையைப் போடுவது வழக்கம். கவனம், டான்டலத்தில் கோடு போட்ட பக்கம் பிளஸ். சாதாரண எலக்ட்ரோலைட்டிக்கில் கோடு மைனஸைக் காட்டும். அந்தப் பழக்கத்தில் திருப்பிப் போட்டுவிட்டால் பவர் கொடுத்ததும் புகைதான். சிப் பக்கம் என்றால் சூடுகாற்று அடிப்பது, ரீபால் செய்வது இரண்டும் நிரந்தரத் தீர்வு ஆகாது. விரிசல் சிப்பின் உள்ளே. ரீபாலில் செய்வது போல அடியில் இருக்கும் பற்றவைப்புக் குண்டுகளை மாற்றி என்ன பயன்? சூடு காட்டிய மெஷின் சில நாளோ சில வாரமோ ஓடும். அப்படி எழுந்தால் கேம் போடாமல், முதல் வேலையாக சேவ்களை வெளியே எடுங்கள். பழைய 90 நானோமீட்டர் சிப்பைக் கழற்றிவிட்டுப் பிந்தைய 40 நானோமீட்டர் ஆர்எஸ்எக்ஸை வைக்கும் முறையும் இப்போது வந்திருக்கிறது. அது பிஜிஏ ஸ்டேஷனும் (இப்படிப்பட்ட சிப்களைக் கழற்றி மாட்டும் கருவி) கைப்பழக்கமும் உள்ளவர்கள் வேலை, சிஸ்கானையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

சூட்டைக் குறைக்க நீங்களே செய்யக்கூடியது: தூசி எடுப்பதும், ஹீட்சிங்க்குக்கும் சிப்பின் உலோக மூடிக்கும் நடுவே தெர்மல் பேஸ்ட் மாற்றுவதும். ஏர் பிளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தாறுமாறாகச் சுழலவிடக் கூடாது. ஹீட்சிங்க்கைப் பிடிக்கும் ஸ்குரூக்களை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அந்த உலோக மூடிக்கு அடியிலும் ஒரு பேஸ்ட் இருக்கிறது, அதுவும் வருடக்கணக்கில் காய்ந்திருக்கும். ஃபேன் சில நிமிடத்திலேயே அலறும் மெஷினில் வெளிப் பேஸ்ட்டை மாற்றியும் பலனில்லை என்றால் காரணம் அதுதான். ஆனால் மூடியைத் திறப்பதற்குப் பிளேடு விட வேண்டும், ஆர்எஸ்எக்ஸில் அந்தப் பிளேடு படும் தூரத்தில் மெமரி சிப்கள் இருக்கின்றன. சூடு பிரச்சினை இல்லாத மெஷினில் இதை முன்னெச்சரிக்கையாகச் செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கன்ட்ரோலரில் பட்டன் தானாக அழுத்துப்படுகிறது என்றால் பேய் பிடிக்கவில்லை. டூயல்ஷாக் 3-இல் பட்டன்களுக்கான மெல்லிய ஃபிலிமைப் போர்டோடு அழுத்திப் பிடிக்க ஒரு சின்ன நுரைத் துண்டு இருக்கும். அது அமுங்கித் தட்டையாகிவிட்டால் தொடர்பு தளரும். பின்னால் ஐந்து ஸ்குரூவைக் கழற்றி, நுரையின் கீழே டேப்பை இரண்டு மடிப்பு வைத்தால் பெரும்பாலும் சரியாகும். பேட்டரி 3.7 வோல்ட், 570 எம்ஏஎச், எல்ஐபி1359. மொபைல் சார்ஜரில் போட்டால் ஏறவில்லை என்று பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். கணினியோ பிஎஸ்3-யோ மாதிரி மறுமுனையில் பதில் சொல்லும் யுஎஸ்பி போர்ட் இருந்தால்தான் இது சார்ஜ் ஆகும்.

இரண்டாவது மெஷின் வாங்குவதென்றால் 2500 அல்லது 3000 வரிசை ஸ்லிம்மைத் தேடுங்கள். அதில் செல் என்ற முக்கியப் ப்ராசசர் 45, ஆர்எஸ்எக்ஸ் 40 நானோமீட்டர், சூடு குறைவு. சூப்பர் ஸ்லிம்மும் நன்றாக உழைக்கும், அதன் நகரும் மூடியின் பிளாஸ்டிக் மட்டும் மலிவு. பிஎஸ்2 டிஸ்க்கும் ஓட வேண்டும் என்பவர்களுக்கு ஆரம்பகால 60 ஜிபி, 20 ஜிபி மாடல்களை விட்டால் முழுமையான வழி இல்லை, ஆனால் மேலே சொன்ன 90 நானோமீட்டர் சிப் அதே மெஷின்களில்தான் இருக்கிறது. வாங்குபவர் அதைத் தெரிந்தே வாங்க வேண்டும். எதை வாங்கினாலும் கையோடு ஒரு ப்ளூ-ரே கேம், ஒரு டிவிடி, ஒரு பென் டிரைவ் கொண்டுபோங்கள். கேமை அரைமணி நேரம் ஓடவிட்டு ஃபேன் சத்தத்தைக் கவனியுங்கள். பிளக்கைக் கழற்றி மாட்டித் தேதி நிற்கிறதா என்று பாருங்கள். சிஸ்டம் பதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் உள்ளே என்ன செய்தார்கள் என்று நேராகக் கேளுங்கள். “சூடு காட்டி ரெடி பண்ணினது” என்ற பதில் வந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்க வேண்டாம்.